யுடோப்பியாவில் பெரட்டு எடுப்பது யார்?

பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் தாமஸ் மோரின் ‘யுடோப்பியா’வைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் நேராக இரண்டாம் பாகத்துக்குத் தாவிவிடுகிறார்கள். யுடோப்பியா என்ற கற்பனைத் தீவு அங்கேதான் இருக்கிறது. பொன்னில் செய்த மூத்திரச் சட்டி, பூட்டில்லாத கதவு, ஆறு மணி நேர வேலை எல்லாமே அங்கேதான். முதல் பாகத்தில் சில பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதிலும் ஒருவர் மூச்சு விடாமல் பேசுகிறார். அதைத் தள்ளிவிட்டு வாசித்தவர்கள் கடைசியில் ‘கேட்க நல்லாத்தான் இருக்கு, நடக்கிற காரியமா?’ என்று புத்தகத்தை மூடுவார்கள். மோர் எழுதியது ஒரு குற்றப்பத்திரிகை. வீடு கட்டும் பிளானாக நினைத்துக்கொண்டு அதைப் பார்த்தால் சுவரெல்லாம் கோணலாகத்தான் தெரியும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி, நாலு பக்கமும் தோட்டம் சூழ்ந்த ஊரில் சில பேர் சேர்ந்து இந்த நூலையும் இதன் பங்காளி நூல்களையும் வாசிக்க உட்கார்ந்தால் எங்கே தொடங்கலாம், எங்கே நிறுத்தி யோசிக்கலாம் என்பதற்கான குறிப்பு இது. இங்குள்ள வாசகர்களுக்கு ஒரு தனி வசதி உண்டு. ஒரே அளவில் வரிசையாகக் கட்டிய வீடு, சங்கு ஊதினால் எழுந்திருக்கும் ஊர், விடியலில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கும் பெரட்டு, வேலை போனால் கூடவே போய்விடும் குடியிருப்பு, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆயாக் கொட்டகை. இதையெல்லாம் மற்ற ஊர்க்காரர்கள் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்தவருக்கு அந்தச் சிரமம் இல்லை.

நூல் உருவான வரிசையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1515-இல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் தூதுக்குழுவில் ஒருவராக மோர் ஃபிளாண்டர்ஸ் போனார். போன காரியம் கம்பளி, துணி வணிகம் பற்றிய பேச்சுவார்த்தை. அது இழுத்துக்கொண்டே போனதில் கிடைத்த ஓய்வில் தீவைப் பற்றிய பகுதியை எழுதினார். அதுதான் இப்போது இரண்டாம் பாகம். லண்டன் திரும்பிய பிறகு முதல் பாகத்தை எழுதி முன்னால் ஒட்டினார். 1516-இல் லூவேன் நகரத்தில், டிர்க் மார்ட்டென்ஸின் அச்சகத்தில், நண்பர் எராஸ்மஸின் மேற்பார்வையில் லத்தீன் மொழியில் அச்சானது. ரால்ஃப் ராபின்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 1551-இல். அதற்குள் மோரின் தலை வெட்டுப்பட்டு 16 ஆண்டு ஓடிவிட்டது. ஆக, மருந்தை முதலில் எழுதிவிட்டு, நோய் இன்னதென்று பிறகு எழுதி முன்னால் வைத்தவர் அவர். முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கும் அல்லவா? நாமும் நோயிலிருந்தே தொடங்குவோம்.

முதல் பாகத்தின் மையம் ஒரு விருந்து மேசை. கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பும் இங்கிலாந்தின் சான்சலருமான (அரசனின் முதன்மை அமைச்சர்) கார்டினல் மோர்ட்டனின் வீடு. வழக்கறிஞர் ஒருவர் திருடர்களைத் தூக்கில் போடுவதைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்: சில சமயம் ஒரே தூக்குமரத்தில் இருபது பேர்! சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்படுகிறார்: இத்தனை பேரைத் தொங்கவிட்டும் நாட்டில் திருட்டு ஏன் குறையவில்லை? அங்கே உட்கார்ந்திருக்கும் ரஃபேல் ஹித்லோடேயஸ் என்ற பயணி அதற்குப் பதில் சொல்கிறார். பதிலை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. முதலாவது, போரில் கைகால் போன சிப்பாய்கள். பழைய தொழிலுக்குத் திரும்ப உடம்பு இடம் தராது. இரண்டாவது, பிரபுக்களின் எடுபிடிகள்; எந்தத் தொழிலும் கற்றுக்கொள்ளாமல் ஏவல் செய்தே வளர்ந்தவர்கள், எசமான் செத்தாலோ தாங்களே நோயில் விழுந்தாலோ தெருவுக்கு வந்துவிடுவார்கள். மூன்றாவது ஆடு.

இந்த ஆட்டுப் பகுதியில் மெதுவாகப் போக வேண்டும். முன்பெல்லாம் சாதுவாக, கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த ஆடுகள் இப்போது மனிதர்களையே விழுங்குகின்றன என்கிறார் ரஃபேல். எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான். அதற்கு அடுத்து வரும் கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மெல்லிய, விலையுயர்ந்த கம்பளி விளையும் இடங்களில் பிரபுக்களும் சீமான்களும் மடாதிபதிகளும்கூட உழவு நிலத்தை வேலி போட்டு மேய்ச்சல் நிலமாக்குகிறார்கள். வீடுகள் இடிக்கப்படுகின்றன. தேவாலயத்தை மட்டும் விட்டுவைக்கிறார்கள், அதுவும் ஆட்டுப் பட்டியாக. பல கைகள் உழுது விதைத்து அறுத்த நிலத்துக்கு இப்போது ஒரே ஒரு இடையன் போதும். வெளியேற்றப்பட்ட குடும்பம் சட்டிபானையை வந்த விலைக்கு விற்கிறது. அந்தக் காசு தீர்ந்ததும் இரண்டே வழி: திருடித் தூக்கில் தொங்கலாம், பிச்சை எடுத்து நாடோடி என்ற குற்றத்துக்குச் சிறை போகலாம். உழவு குறைந்ததால் தானிய விலை ஏறுகிறது. கம்பளி விலையும் ஏறுவதால் வீட்டில் நெசவு செய்து பிழைத்த ஏழைக்குக் கச்சாப் பொருள் எட்டாமல் போகிறது. அவனும் சும்மா உட்காருகிறான். நடுவில் ஆடுகளுக்கு நோய் வந்து ஏராளம் செத்தன. ஆனால் எத்தனை ஆடு பெருகினாலும் விலை இறங்காது என்கிறார் ரஃபேல், ஏனென்றால் ஆடெல்லாம் சில பணக்காரர்களின் கையில்; அவர்களுக்கு விற்றே ஆக வேண்டிய அவசரம் கிடையாது. இந்த நிலைக்கு மோர் உண்டாக்கிய லத்தீன் சொல்தான் ‘ஆலிகோபோலியம்’. இன்றைக்குப் பொருளியல் வகுப்பில் ‘ஆலிகோபோலி’ என்று நடத்துவது இதையேதான்.

தேவாலயம் மட்டும் மிஞ்சியது என்ற இடத்தைத் தோட்டப்புறத்து வாசகர் யாரும் சும்மா கடந்துபோக மாட்டார். லயங்கள் இடிக்கப்பட்ட இடத்தில், செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) நடுவே, சூலமும் மணியும் ஒரு தகரக் கூரையுமாகத் தனியாக நிற்கும் மாரியம்மன் கோயிலைப் பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் உண்டா? பால்மரக் (ரப்பர்) காட்டுக்கு விடியற்காலையில் மரம் வெட்ட, அதாவது பால் எடுக்கப் பட்டை சீவ, நிறைய ஆள் வேண்டும். ஒருவர் கையில் நாளொன்றுக்குச் சில நூறு மரங்கள்தான் அடங்கும். செம்பனைக்கு அதே நிலத்தில் குறைந்த ஆளே போதும். பயிர் மாறியபோதும், அதற்கு முன்னால் 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோதும், வேலை போனவர்களுக்கு வீடும் சேர்ந்தே போனது. இங்கிலாந்தின் வேலியும் நம் துண்டாடலும் ஒன்றல்ல. சட்டம் வேறு, காலம் வேறு. ஆனால் இலாபம் தரும் பயிருக்குக் குறைந்த கைகள் போதும் என்றானால் மிச்சக் கைகள் எங்கே போகும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

தண்டனை பற்றி ரஃபேல் சொல்வதும் இந்த விருந்தில்தான் வருகிறது. திருட்டுக்கும் தூக்கு, கொலைக்கும் தூக்கு என்றால் திருட வந்தவன் சாட்சியைக் கொன்றுவிடுவதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதானே! ‘நீங்களே திருடர்களை உருவாக்கிவிட்டு நீங்களே தண்டிக்கிறீர்கள்’ என்பது அவருடைய வாதத்தின் சாரம். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையைப் படித்த நமக்கு இது புதிய சேதியில்லை. அவளும் பசியில்தான் கைவைத்தாள்.

நோயைப் பார்த்தாயிற்று. இனி இரண்டாம் பாகம். அதை வாசிக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் யுடோப்பியாவில் உள்ளதையும் வலப்பக்கம் அது இங்கிலாந்தின் எந்தக் காயத்துக்கு எதிர்ப்பாட்டு என்பதையும் எழுதிக்கொண்டே வர வேண்டும். நமக்குப் பழகிய முறைதான் இது. உறுபசி, ஓவாப் பிணி, செறுபகை சேராததே நாடு என்று 734-ஆம் குறள் நாட்டுக்கு இலக்கணம் சொல்வதே ‘இல்லாதவை’யின் பட்டியலாகத்தான். கோசல நாட்டில் வறுமை இல்லாததால் வள்ளல் தன்மைக்கு வேலையில்லை என்று கம்பன் சொல்லும்போது, கொடுக்கிறவனும் வாங்குகிறவனுமாகப் பிரிந்து கிடந்த தன் காலத்து ஊரை அவன் மறந்துவிடவில்லை. மோரும் அதே தச்சு வேலையைத்தான் செய்கிறார். வித்தியாசம், அவர் அடிக்கோலும் எண்ணும் போட்டுச் செய்கிறார்.

ஆறு மணி நேர வேலையை எடுத்துக்கொள்வோம். மதியத்துக்கு முன் மூன்று மணி, சாப்பாடு, இரண்டு மணி ஓய்வு, பிறகு மூன்று மணி, இரவுச் சாப்பாடு, எட்டு மணிக்குப் படுக்கை, எட்டு மணி நேரத் தூக்கம். வலப்பக்கத்தில் என்ன எழுதுவது? இங்கிலாந்தில் 1495-இலும் மறுபடி 1514-15-இலும் போட்ட சட்டம். அதன்படி கோடையில் கூலியாள் காலை ஐந்து மணிக்கு வேலையில் நிற்க வேண்டும், மாலை ஏழு எட்டு மணி வரை. நடுவில் சாப்பாட்டு இடைவேளை உண்டு. குளிர்காலத்தில் வெளிச்சம் வந்ததிலிருந்து இருட்டும் வரை. விடியலிலிருந்து இரவு வரை மாடு மாதிரி உழைப்பதில்லை என்று யுடோப்பியர்களைப் பற்றி மோர் எழுதும்போது அந்தச் சட்டத்தின் மை காய்ந்து ஓரிரு ஆண்டுதான்.

ஆறு மணி நேரம் எப்படிப் போதும் என்பதற்கும் கணக்கு வைத்திருக்கிறார். நகரத்துக்கு 6,000 குடும்பம். ஒரு குடும்பத்தில் வயது வந்தவர்கள் 10 முதல் 16 வரை. அப்படியானால் 60,000 முதல் 96,000 பேர். வேலை செய்யும் வயதும் உடல்வலுவும் இருந்தும் வேலையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் நகரமும் சுற்றுப்புறமும் சேர்த்து 500 பேர்கூடத் தேறமாட்டார்கள். நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. மற்ற நாடுகளில் யார் சும்மா இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள் என்கிறார் ரஃபேல்: குருமார், சீமான்கள், அவர்களின் எடுபிடிகள், உடம்பில் வலுவிருந்தும் பிச்சையெடுப்பவர்கள். இந்தப் பட்டியலின் தலைப்பிலேயே பெண்களையும் சேர்த்துவிடுகிறார். ஜனத்தொகையில் பாதி என்று அடைமொழி வேறு. வீட்டு வேலை அவர் கண்ணில் வேலையாகவே படவில்லை. யுடோப்பியாவின் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் முறை வைத்துச் சமைப்பது பெண்கள்தான் என்பதைச் சில பக்கம் தள்ளி அவரே எழுதுகிறார். இந்த முரணுக்கு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு மேலே போகலாம்.

மற்ற வரிகள் சுலபமாக நிரம்பும். வீடுகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை குலுக்கல் போட்டு மாற்றிக்கொள்கிறார்கள். எதிரே பரம்பரைச் சொத்து. சட்டங்கள் கொஞ்சம், வக்கீலே கிடையாது; எழுதியவர் வக்கீல் என்பதை மறக்க வேண்டாம். வேலைக்குப் போடும் தோலுடை ஏழு ஆண்டு உழைக்கிறது, மேலங்கிக்குச் சாயம் கிடையாது. எதிரே, யார் என்ன துணி உடுத்தலாம் என்று அந்தஸ்து பார்த்துச் சட்டம் போட்ட அரசவை.

பொன்னுக்கு மட்டும் தனிப் பக்கம் ஒதுக்கலாம். சாப்பிடுவதும் குடிப்பதும் மண் பாத்திரத்திலும் கண்ணாடியிலும். பொன்னும் வெள்ளியும் மூத்திரச் சட்டிக்கும் அடிமைகளின் விலங்குக்கும். முத்தும் வைரமும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான். வளர்ந்ததும் தாங்களே வெட்கப்பட்டுக் கழற்றிவிடுவார்கள். இது தெரியாமல் அனிமோலிய நாட்டுத் தூதர்கள் மூன்று பேர், நூறு பேர் பரிவாரத்தோடு, தங்கச் சங்கிலியும் தொப்பியில் முத்துமாக ஊர்வலம் வருகிறார்கள். ஜனங்கள் எளிய உடையில் வந்த வேலைக்காரர்களைத் தூதர்கள் என்று எண்ணி வணங்குகிறார்கள். சங்கிலி போட்டவர்கள் அடிமைகளாம்! ஒரு பையன் அம்மாவை இடித்துக் காட்டுகிறான்: இவ்வளவு பெரிய தடியன் இன்னும் குழந்தை மாதிரி முத்து போட்டிருக்கிறானே! ‘சும்மா இரு, தூதரோடு வந்த கோமாளியாக இருக்கும்’ என்கிறாள் அவள். கல்யாண மண்டபத்து முதல் வரிசையையும் பட்டணத்து அடகுக்கடையையும் ஒன்றாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே சிரிப்பு மூட்டும்.

சிரித்து முடித்ததும் இன்னும் சில பக்கம் புரட்டிப் போர் பற்றிய பகுதியைப் பாருங்கள். வெறுத்துத் தள்ளிய அந்தப் பொன்னை யுடோப்பியர்கள் பத்திரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். எதற்கு? வெளிநாட்டுக் கூலிப்படையை அமர்த்த, எதிரி நாட்டில் தலைக்கு விலை வைக்க. தங்கள் ஆள் சாகாமல் சபோலீட்டர்கள் என்ற மலைநாட்டுக்காரர்களைச் சாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கூட்டமே ஒழிந்தால் உலகத்துக்கு நல்லது என்ற நினைப்பும் அவர்களுக்கு உண்டு.

இங்கிருந்துதான் வாசிப்பு கடினமாகிறது. மோர் போட்ட விரிசல்களைத் தேடிப் பிடிக்க முதலில் பெயர்களைத் தமிழாக்கிப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கப் பெயர்களை அப்படியே விட்டுவிடுவதால் பாதிக் கிண்டல் காணாமல் போய்விடுகிறது. யுடோப்பியா என்றால் எங்கும் இல்லாத இடம். தலைநகரம் அமாரோட்டம், அதாவது மங்கலூர் (கர்நாடகத்து மங்களூர் அல்ல, மங்கலாகத் தெரியும் ஊர்). அதை ஒட்டி ஓடும் அனைட்ரஸ் ஆறு தண்ணீர் இல்லாத ஆறு. ஆட்சித் தலைவன் அடேமஸ் குடிமக்கள் இல்லாதவன். ஹித்லோடேயஸ் என்ற பெயரோ ‘வெட்டிப்பேச்சு விற்பன்னர்’. இவ்வளவையும் பெயரிலேயே ஒளித்துவைத்த மனிதர் ரஃபேல் சொல்லும் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நூலுக்குள் ‘மோர்’ என்ற பாத்திரமும் வந்து, பொதுவுடைமை சரிப்படாது என்று மறுப்புச் சொல்கிறது. அந்த மோர்தான் நிஜ மோர் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் அதே அளவுக்குத் தப்பு. யுடோப்பியாவில் யாரும் எந்த மதத்தையும் பின்பற்றலாம். அதை எழுதியவர் பிற்பாடு சான்சலராக இருந்த 1529 முதல் 1532 வரையிலான காலத்தில் சமயக் குற்றத்துக்காக ஆட்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள்.

இப்போது தலைப்புக்கு வருவோம். முப்பது குடும்பத்துக்கு ஒரு அதிகாரி, பெயர் சைஃபோகிராண்ட். நகரத்துக்கு 200 பேர். பத்து சைஃபோகிராண்டுக்கு மேலே ஒரு டிரானிபோர். தலைவனை நான்கு வேட்பாளர்களிலிருந்து ரகசிய வாக்கில் தேர்ந்தெடுப்பதும் இந்த 200 பேர்தான். ஆனால் அவர்களின் முக்கியமான, ஏறக்குறைய ஒரே வேலை என்று நூல் சொல்வது, யாரும் சும்மா உட்காராமல் பார்த்துக்கொள்வது. தோட்டத்தில் இந்த வேலைக்குப் பெயர் மண்டோர். விடியற்காலை இருட்டில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆள் பிரித்து விடுகிறவரும், தீம்பாரில் (வேலைக்காட்டில்) யார் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கிறவரும் அவர்தான். யுடோப்பியாவின் மண்டோரை அந்த முப்பது குடும்பமே ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறது. சட்டப்படி விலக்கு இருந்தும் அவர் தானும் சேர்ந்து வேலை செய்கிறார். நம் தோட்டத்து மண்டோரையோ கிராணியையோ (கணக்கர்) துரையையோ (தோட்ட மேலாளர்) லயத்துக்காரர்கள் வாக்குப் போட்டு உட்காரவைத்ததில்லை. அந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனாலும் எல்லாரும் மனமுவந்து வேலை செய்யும் நாட்டில் முப்பது வீட்டுக்கு ஒரு மேற்பார்வையாளர் எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

வெளியூர்ப் பயணத்தைப் பாருங்கள். தலைவனின் கடிதம் வேண்டும், திரும்பும் தேதி அதில் குறித்திருக்கும். கடிதமில்லாமல் எல்லைக்கு வெளியே பிடிபட்டால் ஓடிப்போனவன் என்று அவமானப்படுத்தித் திருப்பிக் கொண்டுவருவார்கள். இரண்டாம் முறை பிடிபட்டால் அடிமைத்தனம். தன் ஊர் வட்டாரத்துக்குள்ளேயே உலாவப் போனாலும் அப்பாவின் அனுமதியும் மனைவியின் சம்மதமும் வேண்டும், அரை நாள் வேலை செய்யாமல் எங்கும் சோறு கிடையாது. பொது விவகாரத்தைச் சபைக்கு வெளியே கூடிப் பேசினால் மரண தண்டனை. ஒரு சாப்பாட்டுக் கடை மேசையில் நாட்டு நடப்பைப் பேசி முடித்துவிடும் நம் ஆட்கள் அங்கே ஒரு வாரம் தாங்கமாட்டார்கள்.

அடிமைகள் மூன்று வகை. குற்றம் செய்த உள்ளூர்க்காரர்கள், மற்ற நாடுகளில் மரண தண்டனை பெற்று மலிவாகவோ இலவசமாகவோ வாங்கிவரப்பட்டவர்கள், தங்கள் நாட்டில் பிழைக்க வழியில்லாமல் தாமாகவே வந்து சேர்ந்த ஏழைகள். மூன்றாவது வகையினரைக் கிட்டத்தட்டக் குடிமக்கள் மாதிரியே நடத்துவார்கள், வேலை மட்டும் கொஞ்சம் கூடுதல். எப்போது வேண்டுமானாலும் போகலாம், வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு ஆள் கொண்டுவந்த சஞ்சிக்கூலி முறை மலாயாவில் 1910-இல்தான் ஒழிந்தது. அந்த ஒப்பந்தத்தோடு வைத்துப் பார்த்தால் மோர் தாராளமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் ஆடு மாடு அறுக்கும் வேலை முழுக்க அடிமைகளுக்குத்தான். அறுத்துப் பழகினால் குடிமக்களின் இரக்கம் மரத்துப்போகுமாம். அடிமையின் இரக்கத்தைப் பற்றி நூலில் பேச்சே இல்லை. இன்று செம்பனைக் குலை வெட்டும் ஆட்களில் எத்தனை பேர் கடல் தாண்டி வந்தவர்கள் என்று சுற்றிப் பார்த்தால் இந்தப் பக்கம் பழசாகத் தோன்றாது.

ஆனால் எல்லாவற்றையும்விடத் திடுக்கிடவைப்பது குடியேற்றப் பகுதி. 54 நகரங்களிலும் ஜனத்தொகை அளவு மீறினால் பக்கத்து நிலப்பரப்பில் யுடோப்பியர்கள் ஊர் அமைக்கிறார்கள். அங்குள்ளவர்கள் சேர்ந்து வாழ்ந்தால் சரி. மறுத்தால் விரட்டுவார்கள், எதிர்த்தால் போர். நியாயமும் கையில் இருக்கிறது: நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருப்பவன் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவனைத் தடுப்பது தவறு. ஐரோப்பியக் குடியேற்றவாதிகள் பின்னாளில் ‘காலி நிலம்’ என்று கிழக்கிலும் மேற்கிலும் சொல்லிக்கொண்ட வாதத்துக்கு இதுவே அச்சு. ஆடு மனிதனைத் தின்பதைக் கண்டுபிடித்த அதே கூர்மையான கண் இங்கே எதையும் காணவில்லை. மோர் வேண்டுமென்றே வைத்த கிண்டலா, அவருக்கே தெரியாமல் விழுந்த குழியா என்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். குழி என்பதே என் கட்சி; கிண்டல் வைத்த இடங்களில் பெயரிலாவது ஒரு கண்சிமிட்டல் இருக்கும், இங்கே அது இல்லை.

பங்காளி நூல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சு எழுத்தாளர் ராபெலே 1534-இல் எழுதிய ‘கார்கன்துவா’வில் தெலெம் என்று ஒரு மடம் வரும். சுற்றுமதில் இல்லை, மணியடிப்பது இல்லை. விதி ஒன்றே ஒன்று, இஷ்டம்போல் இரு. அன்றைய துறவி மடங்களைத் தலைகீழாகக் கவிழ்த்த கேலி. ஆனால் உள்ளே சேர அழகும் நல்ல குடிப்பிறப்பும் வேண்டும். அவர்களின் பட்டாடையை யார் தைத்தார்கள்? மடத்துக் காட்டோரம் அரை லீக் நீளத்துக்கு ஒரே கட்டடம். அதில் பொற்கொல்லர், தையற்காரர், பூவேலைக்காரர், நெசவாளர் குடியிருந்தார்கள் என்று ராபெலே எழுதுகிறார். அரை லீக் என்றால் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். இவ்வளவு நீளமான லயம் நம் தோட்டங்களில்கூடக் கிடையாது!

இத்தாலியத் துறவி காம்பனெல்லா, ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான சதியில் 1599-இல் பிடிபட்டு நேப்பிள்ஸ் சிறையில் கிடந்தபோது 1602-இல் ‘சூரிய நகரம்’ எழுதினார். நகரம் இருப்பது தப்ரோபானே தீவில், நிலநடுக்கோட்டின் கீழே. அந்தப் பெயர் முதலில் இலங்கைக்கு உரியது. மறுமலர்ச்சிக் கால வரைபடக்காரர்கள் பலர் அதைச் சுமத்ராவின் மேல் எழுதினார்கள். ஆக, இந்தக் கனவு நகரம் மலாக்கா நீரிணைக்கு அக்கரையில்கூட இருந்திருக்கலாம். ஏழு வட்டச் சுவர், ஒவ்வொன்றும் ஒரு கிரகத்தின் பெயரில். சுவர் முழுக்கச் செடி, மீன், பறவை, கைத்தொழில் என்று படம். பிள்ளைகள் சுற்றி நடந்தே பத்து வயதுக்குள் கற்றுவிடுவார்கள். வேலை நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்தான். யார் யாரோடு எந்த நேரத்தில் சேர்ந்து பிள்ளை பெறுவது என்பதை மட்டும் அதிகாரிகளும் ஜோசியரும் முடிவு செய்வார்கள். ஜாதகப் பொருத்தத்துக்கே அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த ஊருக்கு மனுப் போட வேண்டாம்.

ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேக்கனின் ‘புதிய அட்லாண்டிஸ்’ 1626-இல் அவர் இறந்த பிறகு, முடியாத நிலையில் அச்சானது. அதில் பென்சலேம் தீவின் அதிகாரிகள் அன்பளிப்பை வாங்க மறுக்கிறார்கள்; ஒரே வேலைக்கு இரண்டு சம்பளமா என்று கேட்கிறார்கள். லஞ்சக் குற்றத்துக்காக 1621-இல் பதவி இழந்தவர் எழுதிய வரி இது. வலப்பக்கக் கட்டத்தில் எழுத வேறெதுவும் தேவைப்படாது.

பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன் கற்பனைத் தீவு எதையும் உண்டாக்கவில்லை. 1580-இல் வெளிவந்த ‘நரமாமிசம் தின்போர்’ கட்டுரையில், ரூவான் நகரத்துக்கு வந்த மூன்று பிரேசில் பூர்வகுடியினர் சொன்னதை எழுதுகிறார். தாடி வைத்த, ஆயுதம் தாங்கிய பெரிய ஆண்கள் ஒரு சிறுவனுக்கு, அதாவது ஒன்பதாம் சார்லஸ் அரசனுக்கு, கீழ்ப்படிவது அவர்களுக்கு விசித்திரமாக இருந்தது. சிலர் வயிறு புடைக்க உண்ண, அவர்களின் வாசலிலேயே மற்றவர்கள் பசியில் எலும்பும் தோலுமாகப் பிச்சை எடுக்கிறார்கள். ஏன் இவர்கள் அவர்களின் கழுத்தைப் பிடிக்கவில்லை, வீட்டைக் கொளுத்தவில்லை என்று கேட்டார்களாம். மூன்றாவதாக ஒன்று சொன்னார்கள், அது மறந்துபோய்விட்டது என்கிறார் மொந்தேன். இந்த மூன்று பக்கத்துக்காக மற்ற ஐந்நூறு பக்கத்தை விட்டுக்கொடுக்கலாம்.

நிஜத்தில் யாராவது செய்து பார்த்தார்களா என்ற கேள்வி எப்படியும் வரும். மெக்சிகோவில் ஸ்பானிய அரசின் நீதிபதியாக இருந்து பிறகு ஆயரான வாஸ்கோ தெ கிரோகா, 1530-களில் மோரின் நூலையே முன்மாதிரியாக வைத்துச் சாந்தா ஃபே என்ற ஊர்களைப் பூர்வகுடியினருக்காக அமைத்தார். பொது நிலம், ஆறு மணி நேர வேலை, குடும்பத் தலைவர்களின் வரிசை எல்லாம் அப்படியே. ஆனால் விதிகளை எழுதியது கிரோகா. அங்கே குடியிருந்தவர்கள் அல்ல. நம் பக்கத்தில், மோரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், துண்டாடல் காலத்தில் இன்னொரு வழி பிறந்தது. சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி (டாலர்) கட்டிப் பங்குதாரர்கள் ஆனார்கள். விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. இதில் யாரும் பொன்னை மூத்திரச் சட்டியாக்கவில்லை. ரசீதுப் புத்தகமும் பங்குச் சான்றிதழும்தான். யுடோப்பியா வாசிக்கும் வட்டத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். பழைய பங்குச் சான்றிதழ் வைத்திருக்கும் பெரியவர்களை அழைத்து உட்காரவைத்தால் இன்னும் நல்லது.

ஐந்து அமர்வு போதும். முதல் இரண்டும் முதல் பாகத்துக்கே. ஆட்டுப் பகுதியை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். மூன்றாவதில் இரண்டாம் பாகத்தைத் திருமணம் பற்றிய பகுதிக்கு முன் வரை, நான்காவதில் மிச்சமெல்லாம். இலவசமாகக் கிடைப்பதில் 1684-இல் வந்த கில்பர்ட் பர்னெட்டின் ஆங்கிலம் சுலபம். ராபின்சனின் பழைய ஆங்கிலத்தில் அடிமைக்கு வேறு சொல் இருப்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழம்பாமல் இருக்கும். ஐந்தாவது அமர்வில் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுங்கள். ரஃபேல் பேசி முடித்ததும், இவற்றில் பலது அபத்தமாகத் தோன்றியது, ஆனால் அவர் களைத்திருந்தார், அதனால் சொல்லவில்லை என்று ‘மோர்’ எழுதிவிட்டு, அவர் கையைப் பிடித்துச் சாப்பிட உள்ளே அழைத்துப் போகிறார். சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கலந்து வாசிக்க வேண்டும்.

நேரம் மிஞ்சினால் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ இரண்டாம் அங்கம் முதல் காட்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். தீவு என் கையில் கிடைத்தால் வணிகம் இருக்காது, வேலை இருக்காது, அரசனே இருக்கமாட்டான் என்று கொன்சாலோ மொந்தேனிடம் கடன் வாங்கிய வார்த்தைகளில் அளக்கிறார். ‘ஆனால் ராஜாவாக மட்டும் இவர் இருப்பாராம்’ என்று பக்கத்திலிருந்து செபாஸ்டியன் குத்துகிறான். பத்து நிமிடக் காட்சி. இரண்டு பேர் எழுந்து நின்று வாசித்தால் போதும்.